நல்ல தண்ணியும் ராம் ஜோடியும்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் முதலில் நாக்கு நுனி கரிக்கும், பிறகு பல்லில் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வழவழப்பு தங்கும், எத்தனை முறை துப்பினாலும் அது போகாது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராக விறைத்து நிற்கும். சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கலாம், நுரை வராது. வெந்நீர்த் தவலையின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிக்கொள்ளும், அதை அம்மா அவ்வப்போது கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி உதிர்ப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடக்கு ரத வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் எல்லார் வீட்டுக் கிணறும் இதே மாதிரிதான். அதற்கு "உப்புத் தண்ணி" என்று பெயர். மலையிலிருந்து வந்து தெருக்குழாயில் விழுவதுதான் "நல்ல தண்ணி". கோடையில் அது நினைத்தபோது வரும், நினைத்தபோது நிற்கும். அடுப்படி மூலையில் வரிசையாக வைத்திருந்த குடங்களில் அம்மா அதைப் பிடித்து, மேலே துணி கட்டி, குடிக்கவும் உலை வைக்கவும் தவிர வேறெதற்கும் தொடவிடாமல் காவல் காத்தாள். அந்தக் குடங்களைப் பற்றி நான் இன்றைக்கு இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரண்டு மீன்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் "வைண்டிங்" பகுதி மேஸ்திரி. ஓடிக்கொண்டே இருக்கும் நூல்களில் எது அறுந்திருக்கிறது, எது தடித்துத் திண்டு விழுந்து வருகிறது என்று நடக்கிற நடையிலேயே கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிக்கந்தர் பாய் வைத்திருந்த "கலர் மீன்" கடையில் செத்த நேரம் நின்றுவிட்டு வருவார். எங்கள் முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டி அந்தக் கடையிலிருந்து பழையதாக வாங்கியது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, ஒழுகாமலிருக்க மக்கு பூசியது. அதில் மோலியும் கப்பியும் யாரையும் கேட்காமல் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியைக் கழுவும்போது அப்பா ஒருவர்தான் எங்கள் சந்தில் விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிற ஆண்பிள்ளை.

அந்த விசில் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தினமும் குனிந்து நுழைகிற அதே நிலைப்படி. பிறகு தரையில் வைத்த சொம்பை உதைத்தார், என் காலை மிதித்தார், "சாமானைக் கண்ட எடத்துல வைக்காதீகன்னு எத்தன தடவ சொல்றது" என்று எங்களைக் கடிந்துகொண்டார். மில்லில் பக்கவாட்டிலிருந்து வந்த வண்டியைக் கவனிக்காமல் இடுப்பில் அடி வாங்கி வந்த அன்றைக்குத்தான் அம்மா பிடிவாதமாக மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு காய்ந்துகொண்டே வந்திருக்கிறது, இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, போனது திரும்பாது, ஆபரேஷன் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், தாமதம் செய்தால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நிச்சயம் காப்பாற்றிவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு அவர் நிச்சயம் என்று சொல்லவில்லை, உண்மையான மனிதர்.

என் தாத்தாவுக்கும் இதே வியாதிதான். கண்ணில் கத்தி வைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்தபோது விளக்கை ஏற்றச் சொன்னாராம், அது பட்டப்பகல். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த பையன் எங்கள் அப்பா. அதனால் மிச்சமிருக்கும் அந்தத் துளிப் பார்வையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொண்டார். அம்மா தினமும் கேட்டாள். அவர் தினமும் "போவோம், போவோம்" என்றார்.

அந்த நாட்களில்தான் ராம் மீன்கள் வந்தன. அப்பா வெகுகாலமாகக் கேட்டு வைத்திருந்தவை, மெட்ராஸிலிருந்து பாலித்தீன் பையில் காற்றடைத்து வந்து இறங்கியவை. சிக்லிட் சாதியில் இது குள்ள வகை என்றும், கோழி மாதிரிக் குஞ்சுகளைக் கூடவே கூட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் காவல் காக்கும் என்றும், தான் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருந்தும் இது குஞ்சு பொரித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றும் சிக்கந்தர் பாய் சொல்லிக் கொடுத்தாராம். அப்பா அந்தப் பையைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். உடம்பெங்கும் நீலப் பொடி தூவினாற்போல ஒரு மினுக்கம், முகத்தில் மஞ்சள், கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன் முட்கள் கறுத்து நீண்டு நிற்கும், பெண்ணின் வயிற்றில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு திட்டு. மோலிகளையும் கப்பிகளையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அப்பா இவை இரண்டையும் தனியாக விட்டார். தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி, அவருக்கு மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் மீனைக் கொண்டுவரப் பார்ப்பார், அது நகர்ந்துவிடும், "எங்க போச்சு, தாயி?" என்று என்னைக் கேட்பார், "கல்லுக்குப் பின்னால", "இப்ப மேல வருது" என்று நான் சொல்லச் சொல்ல அவர் தலை திரும்பும்.

ஆஸ்பத்திரிப் பேச்சு மறுபடியும் வந்தபோது அப்பா ஒரு முடிவு சொன்னார். "இதுக குஞ்சு பொரிக்கட்டும். தாயும் தகப்பனும் அதுகளைக் கூட்டிக்கிட்டுத் திரியிறத ஒரு தடவ பாத்துட்டு வாரேன். பொறவு நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

அம்மாவுக்கு மகிழ்ச்சி. அவள் பார்த்த மீன்கள் எல்லாம் மோலியும் கப்பியும்தான். தொட்டியில் போட்டால் பெருகிவிடும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். அடுத்த மாதமே மதுரைக்குப் போகலாம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து ஒரு தட்டைக்கல்லை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு மத்தியானம் அந்தக் கல்லின்மேல் கசகசாவைத் தூவினாற்போல முட்டைகள் ஒட்டியிருந்தன. அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தேடி, கடைசியில் பார்த்துவிட்டார். என் தோளில் வைத்திருந்த அவர் கை இறுகியதிலிருந்து எனக்குத் தெரிந்தது. மறுநாள் முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அதற்கடுத்து எல்லாவற்றின்மேலும் பஞ்சுபோலப் பூஞ்சை பூத்தது. தாய்மீன் அவற்றைத் தின்றுவிட்டது.

முதல் ஈட்டு முட்டை அப்படித்தான் இருக்கும் என்று பாய் சொல்லி அனுப்பினார். இரண்டாவது ஈடும் வெளுத்தது. வேப்பிலை ஊறவைத்த தண்ணீர் விட்டோம், கல்லை மாற்றினோம், தொட்டியைச் சுற்றிச் சாக்குத் திரை கட்டினோம். அதற்குப் பிறகு வந்ததும் வெளுத்தது. ஒவ்வொரு தடவையும் முட்டை வெளுக்கும்போது அம்மா முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்த்தேன். அவளுக்கு அது மீன் முட்டை இல்லை, மதுரைக்குப் போகாமல் கழிந்த இன்னும் சில வாரங்கள். அதற்குள் மில்லில் அப்பாவை வேலைக்கு வரவேண்டாம், லீவு போட்டுக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அவர் நாள் முழுவதும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் மீனைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். இப்போது நான் விரலை வைத்துக் காட்டினாலும் அவரால் பிடிக்க முடியவில்லை.

நாலாவது ஈடோ ஐந்தாவது ஈடோ கெட்ட அன்றைக்கு அம்மா உடைந்துபோனாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. குழாய் வராத நாள், வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீரில் போட்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து கொதித்தும் அது கல்லாக முழித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு முன்னறைக்கு வந்து அப்பா எதிரில் நின்றாள்.

"எத்தன நாளைக்கு இப்பிடி ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பீக? உங்க கண்ணு போயிட்டு இருக்கு. இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்கு, மீன் முட்ட மட்டும் பொரிஞ்சிருமாக்கும்?"

சொல்லி முடித்ததும் அவளே நின்றுவிட்டாள். கரண்டியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா தலையைத் தூக்கி, அவள் குரல் வந்த பக்கம் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம் இருந்தது, துணி அவிழ்த்த நல்ல தண்ணிக் குடம். கோடை உச்சியில், சந்தில் ஆளாளுக்கு ஒரு சொம்பு இரவல் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அதை மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று அப்பா சொன்னார். உப்புத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணியை ஊற்ற வேண்டும். அதற்கு எத்தனையோ குடம் தேவைப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். எனக்கு வயிறு கலக்கியது. அம்மா சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள், ஆனால் குடத்தைத் தொடவிடவில்லை. யார் வீட்டிலும் சொல்லாதே என்றாள். ஆனால் எங்கள் சந்தில் எதை மறைக்க முடியும்? முன்னறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள். மறுநாள் குழாயடியில், வரிசையில் இருந்த எங்கள் குடங்களை யாரோ எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள்.

"கைப்புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தண்ணி இல்லாம நாங்க நிக்கோம். நீ மீனுக்கு ஊத்துதியாமே?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவள் பேச்சில் நியாயம் இருந்தது. அப்பாவின் கண்ணைப் பற்றி அம்மா தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மில் வேலை அடியோடு போய்விடும் என்ற பயம். காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு தண்ணீருக்கு மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு ஓடைக்கே போனோம். அப்பாவின் சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டி அம்மா தள்ளிக்கொண்டு வந்தாள், நான் பின்னால் முட்டுக் கொடுத்தேன். முதல் நாள் தானும் வருவேன் என்று அப்பா கிளம்பினார். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரில் வந்தவர்கள் அவர் சைக்கிளைத் தள்ள உதவுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஓடை ஓடவில்லை. பாறைகளுக்கு நடுவே ஒரு குழியில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் எண்ணலாம்போலத் தெளிவாக. நான் சொம்பில் மொண்டு மொண்டு கேனில் ஊற்றினேன். அப்பா பாறையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலை எம்புட்டுத் தெரியுது?" என்று அம்மா கேட்டாள். "உச்சி தெரியுது" என்றார். மலை எங்கள் முன்னால் இடமிருந்து வலம்வரை நீண்டு கிடந்தது. அன்றைக்குத் திரும்பி வந்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் இருக்கும் பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மீன் குஞ்சு பொரித்தால் முழங்காலால் படியேறுவதாக வேண்டிக்கொண்டாள். மீனுக்காக அந்தப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தொட்டித் தண்ணீர் மாறியது. மீன்களின் நீலம் இன்னும் ஏறியது. மறுபடியும் கல்லைச் சுத்தம் செய்தன, மறுபடியும் முட்டைகள். அம்மா இந்தத் தடவை பக்கத்தில் வரவே இல்லை, அடுப்படியிலிருந்தபடி "வெளுத்திருச்சா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா." சாயங்காலம் மறுபடி கேட்டாள். அப்போதும் வெளுக்கவில்லை. இரண்டு மூன்று முட்டைகள் மட்டும் வெள்ளையாகின, அவற்றைத் தாய்மீன் பொறுக்கித் தின்றது. மற்றவை தேன் நிறமாகவே இருந்தன. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் கல்லின்மேல் முட்டைகள் துடித்தன. உற்றுப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் மயிரிழை மாதிரி வால் முளைத்திருந்தது.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா போகச் சொல்லவும் இல்லை. முற்பகலில் "கரண்டு" போனது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றதும் வீடே மூச்சை நிறுத்தியதுபோல இருந்தது. அம்மா ஒரு டம்ளரை எடுத்து, தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள், காபி ஆற்றுவதுபோல. கை கடுத்தபோது என்னிடம் கொடுத்தாள். இப்படி மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். தாய்மீன் கல்லுக்குப் போய், துடித்துக்கொண்டிருந்த குஞ்சுகளை வாயில் அள்ளியது. ஒரு வாய், இன்னொரு வாய். கல் காலியாகிக்கொண்டிருந்தது.

"திங்குதும்மா" என்றேன்.

அம்மா கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். மீன் மிரண்டு ஓடி, மறுபடி வந்து, மிச்சத்தையும் அள்ளியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று அப்படிச் செய்தாள். ஆனால் அப்பாவுக்கு அந்த நாட்களில் காதுதான் எல்லாம். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடி, தலையில் கையை வைத்தார். "விடு. நமக்கு அம்புட்டுத்தான் கொடுப்பினை" என்றார். அவர் அப்படிச் சொன்னது அழுகையைவிட மோசமாக இருந்தது. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தொட்டியின் கீழ்ப்பக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மீன்களின்மேலும் எனக்கு ஆத்திரம். அவை ஏன் ஒரு மூலையை விட்டு நகராமல் தலைகீழாக நிற்கின்றன என்று முதலில் விளங்கவில்லை. கல்லுக்குப் பின்னால் மணலில் ஒரு சின்னக் குழி தோண்டியிருந்தது. குழிக்குள் மணல் கொதிப்பதுபோல இருந்தது. அது மணல் இல்லை. அத்தனை குஞ்சுகளும் அங்கேதான் துடித்துக்கொண்டிருந்தன. தாய் அவற்றைத் தின்னவில்லை, வாயில் வைத்து இடம் மாற்றியிருந்தது. நான் சொன்னதை அம்மா நம்பாமல், என் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துப் பார்த்தாள். ஒரு குஞ்சு குழியைவிட்டு எகிறியது. தகப்பன்மீன் அதைத் துரத்தி வாயில் கவ்விக் கொண்டுவந்து குழிக்குள் துப்பியது. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியாத தீனி வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் சில நாளில் அது கலங்கி அதில் நுண்ணிய உயிர்கள் பெருகும். அம்மா தன் அடுப்படி ஜன்னலில் அந்த நாற்றப் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். எச்சில் தட்டை அடுப்படியில் வைத்தாலே ஏசுகிறவள் அவள்.

ஒருநாள் காலையில் குழியிலிருந்து ஒரு சிறு மேகம் எழுந்தது. புள்ளி புள்ளியாக, எள்ளில் பாதிகூட இல்லாத குஞ்சுகள், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் ஒரு கூட்டமாக நகர்ந்தன. தாய் திரும்பினால் கூட்டமும் திரும்பியது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து தொட்டிமுன் உட்காரவைத்தாள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்: "நடுவுல, செடிக்கு முன்னால, இப்ப எடது பக்கம் போகுதுக." அப்பா தலையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். நான் விரலை வைத்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் அப்படிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

இருக்கிறது என்று நான் சொன்னேன். அம்மாவும் சொன்னாள். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போனது. "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீக. எனக்குத் தெரியும். நீங்க சொல்றத வச்சுத்தான இத்தன நாளும் பாத்தேன்? முட்டை பொரிஞ்சதோ, வெளுத்ததோ, யாரு கண்டா" என்றார். அவர் அப்படிப் பேசியதில் கோபம் இல்லை. இனிமேல் தனக்கு எதையும் சரிபார்க்க வழி இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். எங்கள் இரண்டு பேரின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை, அதை அவர் நம்பவில்லை. இத்தனை குடத்துக்கும், தெருவில் வாங்கிய பேச்சுக்கும், காத்திருந்த மாதங்களுக்கும் முடிவு இதுவா என்று அம்மா அவரைப் பார்த்தபடி நின்றாள்.

பிறகு அவள் அப்பாவின் வலது கையைப் பிடித்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். "எதுக்கு?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் கையைத் தொட்டிக்குள் இறக்கி, குஞ்சுகள் இருந்த பக்கமாக மெதுவாகக் கொண்டுபோனாள்.

கையைப் பார்த்தாலே கல்லுக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்துகொள்கிற மீன்கள் அவை. அன்றைக்கு ஒளியவில்லை. தகப்பன்மீன் துடுப்பெல்லாம் விரித்து, செவுளை உப்பிக்கொண்டு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய அந்தக் கையின்மேல் நேராக வந்து மோதி, அப்பாவின் ஆள்காட்டி விரல் நுனியைக் கடித்தது. அப்பா திடுக்கிட்டார். கையை எடுக்கவில்லை. அது பின்வாங்கி மறுபடி வந்து கடித்தது. அடுத்து தாய்மீனும் வந்தது.

"கடிக்குது" என்றார் அப்பா.

"ஆமா" என்றாள் அம்மா.

"இது ஒருநாளும் கடிச்சதில்லையே." அவர் விரலை அசைத்தார், மறுபடி கடி. "குஞ்சு இருக்கு. இல்லாட்டி இதுக்கு இம்புட்டுக் கோவம் வராது. குஞ்சு வச்சிருக்கு." தாயும் தகப்பனும் மாறி மாறி வந்து முட்ட முட்ட, அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "எந்த பஸ்ஸுக்குப் போறோம்?" என்று கேட்டார்.

மறுநாளே மதுரைக்குப் போனார்கள். அவர்கள் திரும்பும்வரை நான் ராஜபாளையத்திலிருந்து வந்த பெரியம்மாவை வீட்டில் துணைக்கு வைத்துக்கொண்டு, வாழைத்தோல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குஞ்சுகளைக் காப்பாற்றினேன். ஆபரேஷன் நடந்தது. அழுத்தம் நின்றது. ஆனால் மிச்சமென்று நின்றது வெளிச்சமும் நிழலும்தான்: ஜன்னல் எந்தப் பக்கம் என்று அப்பாவுக்குத் தெரியும், வெள்ளை உடுத்தியவர் வந்தால் யாரோ வருகிறார்கள் என்று தெரியும். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கூடுதலாக நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அம்மா அவர் இருந்தவரை ஒரு நாளும் அவரிடம் சொல்லிக்காட்டவில்லை. புரட்டாசியில் திருவண்ணாமலைக்குப் போய் முழங்காலால் படியேறினாள். முட்டி இரண்டும் தோலுரிந்து, கட்டுப்போட்டுக்கொண்டு வந்தாள்.

குஞ்சுகள் பிழைத்தன, வளர்ந்தன, நீலம் பிடித்தன. சிக்கந்தர் பாய் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேஸ்திரி, சாதிச்சுட்டீக" என்றார். அப்பா, அம்மா இருந்த பக்கம் திரும்பி, "அவ" என்றார். அதற்குப் பிறகும் அம்மா மீன் வளர்ப்பதை விடவில்லை. மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து வைத்தாள், கோடையில் செண்பகத்தோப்புக்கு ஆள் அனுப்பினாள். ஒரு ஜோடி கிழடானால் அடுத்த ஜோடி. தொண்ணூறுகள் நெடுகிலும் எங்கள் வீட்டுத் தொட்டியில் ராம் குஞ்சுகள் இல்லாத நாள் குறைவு. அம்மாவுக்கு மீன் பைத்தியம் பிடித்துவிட்டது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். எங்கள் சந்தில் கிணறுகளை மூடிவிட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கேனில் வருகிறது, குழாயடியும் இல்லை, அங்கே வரிசைக்கு வைத்த குடங்களும் இல்லை. மதுரையில் ஒரு பெரிய மீன் கடையில் போன மாதம் ராம் மீன்களைப் பார்த்தேன். இருபது முப்பது ஒரே தொட்டியில், வெளிறிப்போய், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் மிதந்துகொண்டிருந்தன. வாங்கவில்லை. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். உனக்கு ஏன் அந்த மீன்கள்மேல் அவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"எனக்கா? மீன்மேல எனக்கு என்ன ஆசை" என்றாள். "உங்கப்பாவ மதுரை பஸ்ஸுல ஏத்தணும்னு செஞ்சது."

அதற்குப் பிறகும் அத்தனை வருஷம் எதற்காக வளர்த்தாய் என்று கேட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாளோ என்னவோ.

"அவிய தெனமும் கையத் தொட்டிக்குள்ள விட்டுப் பாப்பாக" என்றாள். "குஞ்சு இருந்தாத்தான அது கடிக்கும்?"